உயரம் தெரியாத பானைகள்

அந்தக் கோட்டுப்படம் திரையில் விழுந்ததும் அரங்கில் இருந்த நூற்றிருபது பேரும் "ஓ" என்றார்கள். பின்னாலிருந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அட்டை அக்கா மட்டும் வாயைத் திறக்கவில்லை. தன் வலதுகை விரல்களை மடக்கி மடியில் ஒளித்துக்கொண்டாள்.

படத்தில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. அருங்காட்சியகப் பதிவேட்டில் இருக்கும் பழைய மண்பானைகளை உயரவாரியாக அடுக்கிக் காட்டியிருந்தார் ஆய்வாளர். முப்பது வயதுப் பெண், வெளியூர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். ஒன்பது, பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டர் என்று கோடு சாதுவாக மேடும் பள்ளமுமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒட்டடைக் கம்பை நட்டுவைத்த மாதிரி செங்குத்தாக எழுந்து நின்றது.

"பதினொண்ணு புள்ளி ஒண்ணு. அறுநூத்திப் பதிமூணு பானைங்க. ஒரு மில்லிமீட்டர் கூடுதலும் இல்ல, குறைச்சலும் இல்ல. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நாப்பது இடத்துல தோண்டி எடுத்தது. இது தற்செயலா இருக்க முடியுமா? அந்தக் காலத்துக் குயவங்களுக்குப் பொதுவா ஒரு அளவு இருந்திருக்குன்னு நான் நினைக்கிறேன்" என்றார் ஆய்வாளர்.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முன்வரிசையில் இருந்த இயக்குநர்தான் கடைசியாக நிறுத்தினார். அவருடைய அருங்காட்சியகம், அவருடைய மாநாடு, அவருடைய பதிவேட்டிலிருந்து கிளம்பிய கண்டுபிடிப்பு, தட்டமாட்டாரா பின்னே?

பொதுவான அளவு ஒன்று இருந்தது என்பது உண்மைதான். ஆனால் அது குயவர்களிடம் இல்லை. அட்டை அக்காவின் வலதுகை ஆள்காட்டி விரலில் இருந்தது.

பதினேழு வருஷத்துக்கு முன்னால், மூன்று மாத வேலை என்று சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டார்கள். அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் மர இழுப்பறைகளில் நாற்பத்தோராயிரம் அட்டைகள். ஒரு பொருளுக்கு ஓர் அட்டை. எண், எங்கே கிடைத்தது, என்ன மண், என்ன நிறம், எவ்வளவு உயரம் என்று ஆறு பேர் ஆறு காலத்தில் மைப்பேனாவால் எழுதிவைத்தவை. அவற்றைப் பார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டும். மூன்று மாதத்தில் முடியும் என்று கணக்குப் போட்ட புண்ணியவான் யாரோ, அவர் ஒருநாளும் அந்த அறைக்குள் வந்து பார்த்ததில்லை.

நாளடைவில் அந்த ஆறு பேரும் அவளுக்குச் சொந்தக்காரர்கள் போல ஆகிவிட்டார்கள். அவர்களில் ஒருவரையும் அவள் பார்த்ததில்லை. ஆனால் யார் போடும் ஏழுக்கு இடுப்பில் கோடு விழும், யார் போடுவதற்கு விழாது, யார் திங்கட்கிழமைகளில் சிடுசிடுவென்று எழுதுவார், யாருக்கு வயதாக ஆக எழுத்து பெரிதாகிக்கொண்டே போயிற்று, எல்லாம் தெரியும். இழுப்பறையின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்தவன் பெரிய பேராசிரியராக இருந்தாலும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் போனதில்லை. இப்படித்தான் அவளுக்கு அட்டை அக்கா என்ற பெயர் வந்து, சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோயிற்று.

வேலை மட்டும் நிரந்தரம் ஆகவில்லை. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் முடியும். ஒருநாள் அவள் யாரோ, அருங்காட்சியகம் யாரோ. மறுநாள் புதிதாகச் சேர்கிற ஆள் போலக் கையெழுத்துப் போட்டு உள்ளே வருவாள். வேலையில்லாத அந்த ஒருநாளில் வீட்டில் இருந்து வீட்டுக்காரரோடு சண்டை போடுவாள். வீட்டுக்காரர் குழாய் வேலை செய்கிறவர். அந்த நாள் எப்போது வருகிறது என்று பார்த்து வெளியூர் வேலையாக ஒப்புக்கொண்டு கிளம்பிவிடுவார்.

முதல் வருஷத்திலேயே அந்தச் சங்கடம் வந்துவிட்டது. உடைந்த பானைக்கு உயரம் ஏது? அட்டை எழுதியவர்கள் விவரமானவர்கள், அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். கணினிக்கு அந்த விவரம் இல்லை. உயரம் போடாவிட்டால் பதிவு ஏறாது. பூஜ்ஜியம் போட்டால் சிவப்பு எழுத்தில் கத்தும். அப்போதிருந்த மேலாளரிடம் போய்ச் சொன்னாள்.

"எதையாவது போட்டு ஏத்தும்மா. பின்னாடி திருத்திக்கலாம்" என்றார் அவர்.

எதையாவது என்றால் எதை? விசைப்பலகையின் எண்கள் பக்கத்தில் விரலுக்கு வாகாக இருந்தது ஒன்று. ஒன்று, ஒன்று, புள்ளி, ஒன்று. பதிவு ஏறிவிட்டது. பின்னால் திருத்தும்போது தேடி அலையக் கூடாதே என்று அட்டையின் மூலையில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்தாள். அப்படி எத்தனை புள்ளி வைத்தாள் என்று அவளே எண்ணவில்லை.

திருத்தும் காலம் வரவில்லை. அந்த மேலாளர் ஓய்வு பெற்றுப் போனார். மென்பொருள் மூன்று முறை மாறியது. ஒவ்வொரு முறையும் பதினொன்று புள்ளி ஒன்று பத்திரமாக, ஒரு சேதாரமும் இல்லாமல், பழையதிலிருந்து புதியதற்குக் குடிபெயர்ந்தது. அடுத்து வந்தவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "முதல்ல எல்லாத்தையும் ஏத்தி முடிங்க" என்றார். அதற்குப் பிறகு சொல்லப் பயமாக இருந்தது. தப்பு யார் தலையில் விழும் என்று பதினோரு மாத ஒப்பந்தக்காரிக்குத் தெரியாதா? சொல்லாமல் இருந்து இருந்து, ஒரு கட்டத்தில் அது மறந்தும் போயிற்று. காலையில் ஒட்டடைக் கம்பு நிமிர்ந்து நிற்கும் வரைக்கும்.

பானைகளையே எடுத்து அளந்து பார்த்தால் போயிற்று என்று உங்களுக்குத் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. ஆனால் பாதிப் பானைகள் கிடைத்த ஊர்களுக்கே திரும்பிப் போய்விட்டன. மீதி, ஒரு மழைக்காலத்தில் கிடங்கில் குழாய் வெடித்து நனைந்து, எண் அழிந்து, சாக்குகளில் ஓடுகளாகக் கிடக்கின்றன. எது நிஜமான பதினொன்று புள்ளி ஒன்று, எது அவள் விரல் போட்டது என்று சொல்ல இந்த உலகத்தில் சாட்சி அந்த அட்டைகள் மட்டும்தான்.

மதிய உணவு இடைவேளையில் ஆய்வாளரே அவளைத் தேடிக்கொண்டு வந்தார்.

"நீங்கதானே அட்டை அக்கா? மூணு வருஷமா உங்க பதிவுகளோடதான் அக்கா குடித்தனம். எத்தனையோ அருங்காட்சியகத்துத் தரவைப் பாத்துட்டேன். எங்க பாத்தாலும் பாதிக் கட்டம் காலியா இருக்கும். உங்களுதுல ஒரு கட்டம்கூடக் காலி இல்ல! புத்தகத்துல நன்றிப் பக்கத்துல முதல் ஆளா உங்களைத்தான் போட்டிருக்கேன்."

தட்டைப் பக்கத்து மேசையில் வைத்தாள். "அது வந்தும்மா, அந்தக் காலிக் கட்டம்..." என்று அவள் ஆரம்பிப்பதற்குள் யாரோ ஆய்வாளரைப் புகைப்படத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த நிமிஷம் இயக்குநர் வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அவளுக்காக மேலிடத்துக்கு ஆறு கடிதம் எழுதியவர். கையில் நீலக் கோப்பு.

"நாலு மணிக்கு முன்வரிசையில வந்து உக்காருங்க. பின்னாடி போய் ஒளிஞ்சுக்காதீங்க" என்று சொல்லிக் கோப்பை லேசாகத் தட்டினார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நிரந்தரப் பணி ஆணை. மாநாட்டின் முடிவில் பதிவேட்டை உலகத்துக்கே திறந்துவிட்டு, அதே மேடையில் அதையும் அவள் கையில் கொடுப்பதாக ஏற்பாடு. "இன்னொரு நல்ல சேதி. கீழ்த்தளம் இன்னிக்குக் காலியாகுது. காகித ஆலை வண்டி வந்திருக்கு, ரெண்டரைக்குக் கிளம்பிடும். எல்லாம்தான் கணினியில ஏறியாச்சே! அட்டைக்கும் விடுதலை, உங்களுக்கும் விடுதலை."

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? ரெண்டரை மணிக்கு வண்டி வாசலைத் தாண்டிவிட்டால் சாட்சி கூழாகிவிடும். அதன் பிறகு பிரம்மாவே வந்தாலும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. குயவர்களின் அளவு புத்தகத்தில் ஏறும், அவள் நிரந்தரமாவாள். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் போதும். பதினேழு வருஷம் சும்மா இருந்தவளுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்க முடியாதா?

மாடிப்படி ஓரமாக நின்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். யாருடைய வீட்டிலோ தொட்டிக்குக் கீழே படுத்திருந்தார் போலிருக்கிறது, குரல் குகையிலிருந்து வந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"நாலு மணிக்கு மேல சொல்லிக்கயேன். காகிதம் கையில வந்தப்புறம்" என்றார்.

"ரெண்டரைக்கு வண்டி போயிடும்ங்க. அப்புறம் சொன்னா எது சரி எது தப்புன்னு யாருக்குத் தெரியும்? அந்தப் பொண்ணு மூணு வருஷமா இதையே எழுதிட்டிருக்கா."

"அப்ப சொல்லாத. வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய ஒடைக்கறேங்கிற."

"தாழி எப்பவோ ஒடைஞ்சதுதாங்க. நான்தான் முழுசா இருக்குன்னு எழுதிவச்சேன்."

அந்தப் பக்கம் இரும்புக் கருவி ஒன்று தரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "குழாய்ல ஓட்டை இருக்கறது தெரிஞ்சும் மேல பூசி மெழுகிட்டு வந்தா எனக்குத் தூக்கம் வராது. ஆனா எனக்கென்ன, நிரந்தர வேலையா காத்துட்டிருக்கு? உன் இஷ்டம். எது பண்ணாலும் அழுதுட்டுப் பண்ணாத."

மனித மனசு லேசில் நேர்வழிக்கு வருமா? அவளுடைய மனசு முதலில் ஒரு சந்து தேடியது. யாருக்கும் தெரியாமல் பானை அட்டைகளை மட்டும் எடுத்து ஒளித்துவைத்துவிட்டால்? ஆணை கைக்கு வந்த பிறகு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாமே? கீழ்த்தளத்துக்கு ஓடினாள்.

இழுப்பறைகளெல்லாம் பல் விழுந்த வாய் போலத் திறந்து கிடந்தன. அட்டைகள் பெட்டி பெட்டியாகக் கட்டப்பட்டு வண்டியில் ஏறிக்கொண்டிருந்தன. இழுப்பறை மேல் கோப்பை வைத்தாலே சண்டைக்குப் போகிறவள், காலியான இழுப்பறை ஒன்றை உள்ளே தள்ளி மூடினாள். பிறகு வண்டிக்காரரிடம் போனாள்.

"அண்ணே, இதுல நாலு பெட்டி மட்டும் எடுத்துக்கறேன். பானைன்னு எழுதியிருக்கும்."

"எடுத்துக்கங்க, எனக்கென்ன? ஆனா வாசல் சீட்டுல நூத்தி எட்டுப் பெட்டின்னு போட்டிருக்கு. நூத்தி நாலு இருந்தா காவலாளி என்னை நிக்கவச்சு நொங்கெடுப்பான். பெரியவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க."

"அவசரம்ண்ணே."

"எனக்கும்தாங்க. ரெண்டரைக்குக் கிளம்பலைன்னா ஆலையில எடைமேடை மூடிடுவாங்க."

பெரியவர் என்றால் இயக்குநர்; அவர் கையெழுத்துப் போட வேண்டுமானால் எதற்கு என்று கேட்பார். கேட்டால் சொல்லியாக வேண்டும். சந்து அங்கேயே முட்டிக்கொண்டது. சுவர்க் கடிகாரத்தில் இரண்டு மணி பன்னிரண்டு நிமிஷம்.

மேலே அரங்கில் அந்த நேரத்தில் நடந்துகொண்டிருந்த அமர்வுக்குப் பெயர் 'தரவில் பிழைகள்: ஒரு திறந்த உரையாடல்'. யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். பேசினார்கள். 'வெளிப்படைத்தன்மையே நமது உயிர்மூச்சு' என்று மூன்று பேர் சொல்லியாயிற்று. பிழைகளைப் பற்றி அத்தனை பேர் அத்தனை அழகாகப் பேசினார்களே தவிர, 'இந்தப் பிழை நான் செய்தது' என்று ஒரு வாய் சொல்லவில்லை. எல்லாப் பிழையையும் மென்பொருளே செய்திருந்தது.

இயக்குநர் மேடையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். கோப்பு அவர் மடியில். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று இரண்டு முறை கையை அசைத்துப் பார்த்தாள். அவர் புன்னகைத்துத் தலையாட்டினார், நாலு மணிக்குத்தானே என்பதுபோல. இரண்டு பதினெட்டு. தலைக்கு மேல் போன வெள்ளம் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன? ஒலிவாங்கி வைத்திருந்தவரிடமிருந்து அதைக் கிட்டத்தட்டப் பிடுங்கினாள்.

"வணக்கம். நான் இங்க பதிவு ஏத்தற வேலை பாக்கறவ. காலையில காட்டினாங்களே, பதினொண்ணு புள்ளி ஒண்ணு. அதைப் போட்டது நான். குயவங்க இல்ல."

அரங்கு சிரித்தது. ஏதோ வேடிக்கை என்று நினைத்துவிட்டார்கள்.

"சிரிக்காதீங்க. ஒடைஞ்ச பானைக்கு உயரம் கிடையாது. காலியா விட்டா அப்போ கணினி ஏத்துக்கல. எதையாவது போடுன்னாங்க, போட்டேன். பின்னாடி திருத்தலாம்னாங்க, திருத்தல. நானும் பயந்துக்கிட்டு வாயைத் திறக்கல. தப்பு என்னோடதுதான்."

சிரிப்பு நின்ற சத்தம் அவளுக்குக் கேட்டது. ஆய்வாளர் முன்வரிசையில் திரும்பி உட்கார்ந்து அவளையே பார்த்தார். 

இயக்குநர் எழுந்துவிட்டார். "அம்மா, இதை நாம அப்புறம் பேசலாம்."

"அப்புறம் முடியாது சார். அப்புறம் அப்புறம்னுதான் பதினேழு வருஷம் போச்சு. இந்த அறுநூத்திப் பதிமூணுல எது நிஜம்னு அட்டைக்கு மட்டும்தான் தெரியும். பொய்யா போட்டதுல எல்லாம் மூலையில பென்சில் புள்ளி இருக்கும். அந்த அட்டை இப்போ கீழே வண்டியில இருக்கு. இன்னும் பத்து நிமிஷத்துல போயிடும்."

முதலில் ஓடியது யார் தெரியுமா? அந்த ஆய்வாளர்தான். இந்த அட்டைகள் பிழைத்தால் தன் மூன்று வருஷம் சாகும் என்று தெரிந்தும், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினார். அட்டை அக்கா ஒலிவாங்கியை இன்னும் பிடித்தபடி நின்றாள். மேடையில் நின்ற இயக்குநரைப் பார்த்தாள். அவர் நூற்றிருபது பேரைப் பார்த்தார், மடியிலிருந்து கையில் ஏறியிருந்த கோப்பைப் பார்த்தார். இரண்டு மூச்சு விடுகிற நேரம். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"வாசலா? வண்டிய விடாதே. ஆமா, சீட்டு இருந்தாலும் விடாதே. நான் சொல்றேன்."

வண்டி வெளிவாசலில், முன்சக்கரம் தெருவில் இறங்கிய நிலையில் நின்றது.

பானைப் பெட்டிகளைப் பிரித்து அறுநூற்றுப் பதிமூன்று அட்டைகளைத் தேடி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. ஆய்வாளர் எண்ணை வாசிப்பார், அட்டை அக்கா அட்டையை எடுத்து நீட்டுவாள். "புள்ளி" என்பார் ஆய்வாளர். அடுத்தது. "புள்ளி." அடுத்தது. "புள்ளி." வேறு பேச்சு கிடையாது. முதல் நாள் சாயங்காலம் மட்டும் ஒருமுறை அட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"காலையிலேயே சொல்லியிருக்கலாமே அக்கா. நான் மேடை ஏறறதுக்கு முன்னாடி. அத்தனை பேர் முன்னாடி நான்..."

"சொல்லியிருக்கணும். எனக்கு அப்பதான் ஞாபகமே வந்துதுன்னு சொல்லலாம். ஆனா அதுக்கப்புறமும் மூணு மணி நேரம் சும்மா இருந்தேனே" என்றாள் அட்டை அக்கா. அவளுக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஆய்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த எண்ணை வாசித்தார்.

புள்ளி வைத்தவை அறுநூற்று நான்கு. புள்ளி இல்லாமல், மைப்பேனாவால் பதினொன்று புள்ளி ஒன்று என்று நிஜமாகவே எழுதியவை ஒன்பது. அந்த ஒன்பதையும் ஆய்வாளர் ஒரு தாளில் குறித்துக்கொண்டு ஊருக்குப் போனார். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. அதை அவள் குறையாக எடுத்துக்கொள்ளவும் இல்லை.

மாநாட்டன்று நான்கு மணிக்கு அவள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கவில்லை. நீலக் கோப்பும் திறக்கவில்லை. பதிவேட்டைத் திறப்பது 'தவிர்க்க முடியாத காரணங்களால்' தள்ளிவைக்கப்படுவதாக அறிவித்தார்கள். மறுவாரம் இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கோப்பைத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டாங்கம்மா. நான் எவ்வளவோ சொன்னேன். அந்த அட்டைங்களை வேற ஆளால திருத்த முடியாதுன்னு இன்னொரு பதினோரு மாசம் மட்டும் வாங்கியிருக்கேன்."

அவள் "சரி சார்" என்றாள். வீட்டுக்குப் போகும் பேருந்தில், எதிரில் இருந்தவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளும் அளவுக்கு அழுதாள். வீட்டுக்காரர் கதவைத் திறந்து முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சோற்றைப் போட்டு எதிரில் உட்கார்ந்தார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள். பதினேழு வருஷமாகத் தூங்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது என்றெல்லாம் சொல்லமாட்டேன், அவள் எப்போதும் நன்றாகத் தூங்குகிறவள்தான்.

வேலையில்லாத ஒருநாளைக் கழித்துவிட்டு மறுநாள் கையெழுத்துப் போட்டு உள்ளே போனாள். அட்டைகள் இழுப்பறைக்குத் திரும்பியிருந்தன. புள்ளி வைத்த முதல் அட்டையை எடுத்துக் கணினிக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்தாள். திரையில் உயரம் என்ற கட்டத்தில் பதினொன்று புள்ளி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதை அழித்தாள். கட்டத்தை அப்படியே காலியாக விட்டு, பழைய பயத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு, விசையைத் தட்டினாள்.

மூன்று முறை மாறிய மென்பொருளில் சிவப்பு எழுத்து வரவில்லை. பதிவு ஏறிவிட்டது. அடுத்த பானைக்குப் போகலாமா என்று திரை கேட்டது.

அட்டை அக்கா திரையை விரலால் ஒரு தட்டு தட்டினாள்.

"பாவி, இதை அன்னிக்கே விட்டிருந்தா என்னவாம்?" என்றாள். பிறகு ரப்பரை எடுத்து, அட்டையின் மூலையில் இருந்த பென்சில் புள்ளியை அழிக்கப் போய், வேண்டாம், இருக்கட்டும் என்று அடுத்த அட்டையை எடுத்தாள்.